காலுகிட்ட கேட்டியா பேராண்டி?

சமயபுரத்துக்கு நடக்கப் போறியாமே பேராண்டி? குன்னம் கடைத்தெருவுல அதே பேச்சா கெடக்கு. நீ நடக்கப் போறதப் பத்தி எவனும் பேசல. நீ வாங்கிக் குவிச்சிருக்கிற சாமானப் பத்திதான் பேச்சு. 8,000 ரூவாய்க்கு ஷூவாம். அதுக்குள்ள சொருவ ஜெல்லு மெத்தை தனியாம். முட்டிக்கு ஒரு ஒறை, கெண்டைக்காலுக்கு ஒரு ஒறை. கையில அடி எண்ணுற கடியாரம். மடக்கி நீட்டுற அலுமினியத் தடி ஒரு சோடி. ஏண்டா, தேரு பாக்கப் போறியா, எல்லைக்குச் சண்டைக்குப் போறியா?

செத்த ஒக்காரு. மூஞ்சிய தூக்கி வச்சுக்காத. காசு ஒன்னுது, மாசாமாசம் கட்டப் போற தவணையும் ஒன்னுது. எனக்கு என்ன? எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இம்மாஞ் சாமான் வாங்கினியே, இதயெல்லாம் சொமக்கப் போற காலுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

சித்திரை மொத செவ்வாக்கெழம தேரு. இங்கேர்ந்து பெரம்பலூரு, அங்கேர்ந்து நாலு வழிச் சாலையப் புடிச்சி சிறுவாச்சூரு, பாடாலூரு, சிறுகனூருன்னு போனா சமயபுரம். சுமாரா 60 கிலோமீட்டர்னு வச்சுக்க. ஒன் காலு கடைசியா 6 கிலோமீட்டர் நடந்தது எப்ப? முக்குல இருக்கிற டீக்கடைக்கே வண்டிய ஒதைக்கிற ஆளு நீ. வருசம் பூரா காலத் தொங்கப்போட்டே வச்சிருந்துட்டு, ஒரு ராத்திரியில திடீர்னு நடன்னா அது என்ன செய்யும்? கொப்புளமாத்தான் பதில் சொல்லும்.

மாசி கடைசி ஞாயித்துக்கெழம சமயபுரத்துல பூச்சொரிதல் தொடங்குது. அன்னையிலேர்ந்து 28 நாளு மாரியாத்தா பச்சைப் பட்டினி வெரதம். மத்த கோயில்ல நாமதான் சாமிக்கு வெரதம் இருப்போம். இங்க நமக்காவ அவ இருக்கா. சோத்துத் தளிகை கெடயாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், கரும்பு, எளநி, அம்புட்டுதான். பூச்சொரிதலுக்கும் தேருக்கும் நடுவுல அஞ்சு வாரம் கெடக்குதே, அந்த அஞ்சு வாரம் நீ என்ன பண்ணப் போற? இது வரைக்கும் ஷூவுக்குப் படம் பாத்த. எந்தக் கலரு எடுப்பா இருக்கும்னு கூட்டாளிங்ககிட்ட ஓட்டுப் போடச் சொன்ன. அவ பட்டினி கெடக்கிற நாளுலதான்டா நீ காலப் பழக்கணும். மொத வாரம் தெனம் ஒரு மணி நேரம் வரப்பு மேல நட. பொறவு வேப்பூர் ரோட்டுல ரெண்டு மணி நேரம். தேருக்கு ரெண்டு வாரம் இருக்கையில ஒரு நாளு 20 கிலோமீட்டர் போட்டுப் பாரு. எந்தச் செருப்போட நடக்கப் போறியோ அதே செருப்பு, எந்த மூட்டையத் தூக்கப் போறியோ அதே மூட்டை. எங்க கடிக்குது, எங்க ஒரசுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். கடைசி நாலு நாளு காலுக்கு லீவு வுட்டுரு.

ஒன் கடியாரம் தெனம் 10,000 அடி நடந்தியான்னு மொறைக்குதாமே? அந்தக் கணக்கு யாரு போட்டதுன்னு நெனைக்கிற? 1965ல ஜப்பான்காரன் ஒருத்தன் இடுப்புல மாட்டிக்கிட்டு அடி எண்ணுற பொட்டிய வித்தான். அதுக்குப் பேரே 10,000 அடி மீட்டர்னு வச்சான். வைத்தியரு யாரும் ஆராஞ்சி சொன்னதில்ல, யாவாரி வச்ச பேரு. இத நானாச் சொல்லல. எம் பேத்தி பிசியோதெரபி படிக்கிறா. லீவுக்கு வந்தா எனக்கு ரவ ரவ படிச்சுக் காட்டுவா. கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத.

இப்ப அந்த ஷூவ எடு, பாப்போம். அடேயப்பா, பளபளங்குது. எப்ப வாங்கின? காத்தால பத்து மணிக்கா? அங்கயே கெட்டுது. காலு சாயங்காலம் வீங்கும். நாளு பூரா நின்னா, நடந்தா, வெயில்ல கெடந்தா இன்னும் வீங்கும். அதனால செருப்புக் கடைக்குச் சாயங்காலந்தான் போவணும். போட்டுக்கிட்டு நின்னா நெட்டை விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் எடம் இருக்கணும். ஒனக்கு எங்க இருக்கு? காத்தாலயே இடிக்குது, பாடாலூர் போறப்ப என்ன ஆவும்? புதுச பொட்டிய ஒடைச்சி அன்னைக்கே மாட்டிக்கிட்டு 60 கிலோமீட்டர் போறவனுக்கு எந்த ஜெல்லும் காவல் நிக்காது. அஞ்சாறு மாசமா ஒன் கூடவே ஒழைச்சி ஒன் பாதத்து அச்சு பதிஞ்சு கெடக்குதே, பின்பட்டி வச்ச அந்தச் செருப்பு, அத எங்க போட்ட? குப்பையிலயா? போயி எடுத்துக்கிட்டு வா.

ஷூக்காரன் ஒரு பக்கம்னா, மறுபக்கம் ஒரு வீரன் இருக்கான். வெறுங்காலுல பகல் பன்னெண்டு மணிக்குத் தார் ரோட்டுல நடப்பேன்னு மார தட்டுறவன். அவனையும் நான் வுட மாட்டேன். அந்தக் காலத்துல நம்ம ஊருல ஏர் மாட்டுக்கு லாடம் அடிக்க மாட்டோம். கரிசல் மண்ணு மெத்துனு இருக்கும், கொளம்புக்கு ஒண்ணும் ஆவாது. அரியலூர் ரோட்டுல வண்டி இழுக்கிற மாட்டுக்கு மட்டும் லாடம். கல்லு ரோடு கொளம்பத் தேச்சிடும். மாட்டப் படுக்கப் போட்டு, நாலு காலையும் சேத்துக் கட்டி, லாடக்காரன் கொளம்பச் செதுக்கி ஆணி எறக்குறதப் பாத்திருக்கியா? நீ எங்க பாத்த. மாட்டுக்கே எந்த ரோட்டுக்கு என்னன்னு பாத்துச் செஞ்சாங்க. வயக்காட்டுல நீ வெறுங்காலோட திரி, யாரு வேணாங்கறா? கருவேல முள்ளு மட்டும் கண்ணு பாத்துக்க. தார் ரோட்டுல அந்த ஞாயம் செல்லாது.

வெறுங்காலுக்கு நான் எதிரி இல்ல. 1992ல நம்ம நாட்டு டாக்டருங்க ரெண்டு பேரு, ராவ், ஜோசப்புன்னு, 2,300 புள்ளைங்களோட பாதத்தப் பரிசோதிச்சி எழுதினாங்களாம். செருப்பு, ஷூ போட்ட புள்ளைங்கள்ல 100க்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். போடாத புள்ளைங்கள்ல 2.8 பேருக்குத்தான். மண்ணுல ஓடுற புள்ளைக்கு உள்ளங்கால் நல்லா வளைஞ்சி நிக்கும் போல. இன்னொண்ணு, கென்யாவுல போயி செருப்பு போடாதவங்க உள்ளங்காலு காய்ப்ப அளந்தாங்களாம், 2019ல சேதி வந்துச்சு. காய்ப்பு எம்புட்டு தடிச்சாலும் பாதத்துக்குச் சொரணை கொறையலையாம். கல்லும் தெரியும், குத்தாம காப்பாத்தவும் செய்யும். ஆனா பேராண்டி, அந்தக் காய்ப்பு பொறந்ததுலேர்ந்து வெறுங்காலுல நடந்தவனுக்கு வந்தது. ஏசி ரூமுல சாக்ஸ் போட்டு வளத்த காலுக்கு, வேண்டுதல் வச்ச மறுநாளே காய்ப்பு மொளைக்குமா? சித்திரையில காத்தே 40 டிகிரியத் தொட்டு நிக்கும். தாரு அதவிட ரொம்பச் சுடும், 50, 60ன்னு போவும். 60 டிகிரியில தோலு வேவறதுக்குச் சில நொடி போதும்.

வேண்டுதலே வெறுங்காலுதான்னு சொல்லுறியா? சரி, அதுல நான் கை வைக்கல. பொழுது சாய நட, விடியக்காலம் நட. காத்தால பத்துக்குள்ள எங்கயாவது நெழலப் பாத்து ஒதுங்கிடு. நாலு மணி வரைக்கும் படுத்துத் தூங்கு. நாலு வழிச் சாலை போட்டப்ப புளிய மரத்தையெல்லாம் வெட்டிப்புட்டான், அதனால சத்திரம், தண்ணிப் பந்தல், கோயில் மண்டபம் எங்க இருக்குன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்க. சிறுவாச்சூர் மதுரகாளி இருக்காளே, அவ திங்களும் வெள்ளியும்தான் கோயில்ல இருப்பா, மத்த நாளு பெரியசாமி மலைக்குப் போயிடுவான்னு சொல்லுவாங்க. ஓய்வு எடுக்கணும்னு காளியாத்தாளுக்கே தெரியுது. ஒனக்குத் தெரியலையா? ராத்திரி நடந்தா பளிச்சுனு மின்னுற ஒட்டுத்தாளு முதுவுல ஒட்டிக்க. ரோட்டு நடுவுல ஆட்டம் போட்டுக்கிட்டுப் போவாத. எதுக்க வர்ற வண்டி கண்ணுல படுற பக்கமா, மண்ணு ஓரமா போ. லாரிக்காரனுக்கு ஒன் வேண்டுதல் தெரியாது.

இப்ப கொப்புளத்துக்கு வருவோம். அதுதான் பாதி ஆளப் பாதி வழியில பஸ் ஏத்துறது.

தோலு ஒரே ஏடு இல்லடா, அடுக்கடுக்கா இருக்கு. காலு முன்னால போவுது. உள்ள எலும்பு நகருது. மேல தோலு சாக்ஸோட ஒட்டிக்கிட்டு நின்னு போவுது. இப்படி ஆயிரம் தரம் இழுபட்டா நடு அடுக்கு பிரிஞ்சிக்கும். பிரிஞ்ச எடத்துல தண்ணி ஊறும். வேர்வை ஈரம் இருந்தா இன்னும் சுருக்கா ஊறும். ஆனா ஒரே மூச்சுல வந்துடாது. மொதல்ல அந்த எடம் மட்டும் சூடாவும். சுருசுருன்னு எரியும். காலு அப்பதான் ஒங்கிட்ட பேசுது. நீ என்ன பண்ணுவ? இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு ஒக்காந்துக்கலாம், கூட்டாளி சிரிப்பான்னு நெனைப்ப. ரெண்டு கிலோமீட்டர் கழிச்சி ஒக்காந்தா அங்க எரிச்சல் இருக்காது, எலந்தப்பழம் பருமனுக்குக் கொப்புளம் இருக்கும்.

ஒரு தரம் பாடாலூர் தாண்டி ரோட்டோரம் ஒரு பய ஒக்காந்திருந்தான். சாக்ஸக் கழட்டுறான், வரல. குதிகாலோட ஒட்டிக் கெடக்கு. பல்லக் கடிச்சிக்கிட்டு உருவினான். கொப்புளம் ஒடைஞ்சி, தோலு ஒரு ஓரமா சுருண்டு தொங்குது, உள்ள செவச் செவன்னு பச்சைப் புண்ணு. பக்கத்துல இருந்த கூட்டாளி நல்லது பண்ணுறதா நெனைச்சி, ஷேவிங் பிளேட எடுத்து அந்தத் தோல அறுக்கப் போனான். கையில தட்டினேன். அந்தத் தோலுதான்டா அதுக்குக் கூரை. அத உரிச்சிட்டா வெறும் புண்ணு மேலயா ஷூ போடுவ? எரிச்சல் தெரிஞ்ச ஒடனே இவன் ஒக்காந்திருந்தா, கால தொடைச்சி, சாக்ஸ ஒதறி மண்ணத் தட்டி, ஒரு பிளாஸ்திரிய சுருக்கம் வுழாம ஒட்டி, பத்து நிமிசத்துல எழுந்து போயிருக்கலாம்.

கொப்புளம் சின்னதா இருந்தா தொடாத. மூடி வச்சு நட. பெருசாயி கால ஊன முடியலன்னா, கையச் சோப்புப் போட்டுக் கழுவு, கொப்புளத்தையும் கழுவு, ஊசிய மருந்துத் தண்ணியில தொடைச்சி, ஓரமா ஒரு குத்து. தண்ணி வடியட்டும். மேல் தோல அப்படியே படிய வச்சு, சுத்தமான துணி போட்டு ஒட்டு. அம்புட்டுதான் வைத்தியம்.

நீ கேக்க மாட்ட. போன்ல ஒருத்தன் பற்பசை தடவுன்னுவான், ஒருத்தன் பேனா மை தடவுன்னுவான். அந்தப் போன் எப்பேர்ப்பட்டதுன்னு குன்னத்துக்காரனுக்கு நான் சொல்லணுமா? 2020ல நம்மூருல மண்ணு வெட்டுறப்ப உருண்டை உருண்டையா கல்லு கெளம்புச்சே, மறந்துட்டியா? டைனோசர் முட்டைன்னு ஒருத்தன் படம் போட்டான். ஊரு ஒலகமெல்லாம் பரவிடுச்சு. முட்டை பாக்கக் கூட்டமா வந்தாங்க. பொறவு படிச்சவங்க வந்து பாத்துட்டு, முட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல, கடல் இருந்த காலத்துப் படிவக் கல்லுன்னுட்டுப் போனாங்க. கல்ல முட்டையாக்கின போன்தான் இப்ப பற்பசைய மருந்தாக்குது.

காசு செலவு பண்ணியே ஆவணும்னு கை அரிச்சா ஒண்ணு சொல்லுறேன், வாங்கு. ஆஸ்பத்திரியில ஊசி போட்ட எடத்துல பஞ்ச வச்சு ஒட்டுவாங்களே, காயிதப் பிளாஸ்திரி, அது ஒரு சுருள். 250 கிலோமீட்டர் ஓடுற பாலைவனப் பந்தயக்காரங்க காலுல ஓடுறதுக்கு முந்தியே அத ஒட்டி, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு டாக்டருங்க பாத்தாங்களாம். 2016ல எழுதியிருக்காங்க. ஒட்டின எடத்துல கொப்புளம் 100க்கு 40 கொறைஞ்சுதாம். அதுதான்டா மருந்துக் கடையில சில்லறைக் காசுக்குக் கெடக்குது. ஒன் 8,000 ரூவா ஷூவுக்கு இப்படி ஒரு சாட்சி இருக்கா? ஒண்ணு மட்டும் கவனம். தேங்கெண்ணெயத் தடவிட்டு மேல ஒட்டாத, நிக்காது. எண்ணெய்னா எண்ணெய், பிளாஸ்திரின்னா பிளாஸ்திரி. சாக்ஸ் ரெண்டு சோடி எடுத்துக்க. ஒண்ணு காலுல, இன்னொண்ணு பை மேல காயட்டும். மத்தியானம் மாத்திக்க.

தண்ணிக்கு என்ன வச்சிருக்க? எலக்ட்ரோலைட் மாத்திரையா? கலர் கலரா நொரைக்குமே, அதுவா? மாரியாத்தா 28 நாளு நீர்மோருலயும் பானகத்துலயும் ஓட்டுறா, ஒனக்கு மாத்திரை கேக்குது. நீர்மோருல உப்பு இருக்கு. பானகத்துல வெல்லம் இருக்கு. வேர்வையில போறது தண்ணி மட்டுமில்ல, உப்பும்தான். வெறுந் தண்ணியவே மடக்கு மடக்குனு குடிச்சிக்கிட்டே போனா தலை சுத்தும், வாந்தி வரும். வழி நெடுவ பந்தல் போட்டு ஊத்துறாங்க, கூச்சப்படாம கைய நீட்டு. பந்தல் இல்லாத எடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணியில ஆறு சின்னக் கரண்டி சக்கரை, அரைக் கரண்டி உப்பு. எல்லாத்தையும் தலை தட்டி அள. உப்பு கூடிடக் கூடாது. கெண்டைக்கால் இழுத்துக்கிட்டா அலறாத. ஒக்காந்து, கால நீட்டி, பெருவெரல ஒன் மொகத்துப் பக்கமா இழுத்துப் புடி. மெதுவா வுட்டுரும்.

தடிய நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிங்கிரி மலை ஏறுறவங்க அடிவாரத்துல மூங்கித் தடி வாங்காம ஏற மாட்டாங்க. ஏழு மலை ஏறி எறங்குறப்ப முட்டி பாரத்த அது கொஞ்சம் வாங்கிக்கும். ஆனா நாலு வழிச் சாலை மலையாடா? மேசை மேல தட்டு வச்சாக்கூட வழுக்காது, அம்புட்டு சமம். அத வச்சு யாரக் குத்தப் போற? பச்சைமலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போ.

சிரிச்சதெல்லாம் போதும். ஒங்க பெரியப்பனும் கூட வர்றானாமே? அவனுக்குச் சக்கரை இருக்குல்ல? நாடு பூரா 10 கோடிப் பேருக்கு மேல இருக்குன்னு 2023ல ஐசிஎம்ஆர் கணக்குச் சொல்லுது, அதுல அவனும் ஒருத்தன். பல வருசமா சக்கரை இருக்கிறவனுக்குப் பாதத்துல சொரணை மழுங்கிடும். ஆணி ஏறினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. எனக்கு வலியே இல்ல, ஆத்தா அருளுன்னு பெருமையா நடப்பான். வலி இல்லாததுதான்டா அவனுக்கு ஆபத்து. வெறுங்காலு அவனுக்கு வேணவே வேணாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நீ அவன் கால மடியில எடுத்து வச்சு, அடிப்பக்கம், விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பாரு. கொப்புளம் இருந்தா பஸ்ஸுல ஏத்திடு. வம்பு பண்ணினா நான் சொன்னேன்னு சொல்லு. பெரியவன்னு பாக்காத.

போயிட்டு வந்தா யாரும் திரும்பி நடக்கப் போறதில்ல, பஸ்ஸுதான். கால தொங்கப் போட்டு வந்து எறங்கினா பாதம் சொத சொதன்னு வீங்கியிருக்கும். படுத்துக்கிட்டு ரெண்டு தலையாணி மேல தூக்கி வச்சுக்க, எறங்கிடும். மறுநாள் காத்தால கட்டில விட்டு எறங்கி மொத அடி வைக்கையில குதிகாலுல ஊசி குத்துறாப்புல இருந்தா, உள்ளங்காலு நாரு இழுபட்டுருக்குன்னு அர்த்தம். எறங்கறதுக்கு முந்தியே ஒரு துண்ட முன்பாதத்துல மாட்டி ஒன் பக்கமா இழுத்துப் புடிச்சுட்டு எறங்கு. வாரக் கணக்கா இருந்தா டாக்டரம்மாகிட்ட போ. ஒரே எலும்புல ஒரே எடத்துல விண்ணுவிண்ணுன்னு வலிச்சாலும், புண்ணு சீழ் புடிச்சாலும், செவப்பு கோடு மேல ஏறினாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அன்னைக்கே போவணும். அப்ப என்னைத் தேடிக்கிட்டுத் திண்ணைக்கு வராத.

நகத்த வெட்டிட்டியா? காட்டு. நேரா வெட்டு, வளைச்சி வெட்டினா ஓரம் சதையில எறங்கிடும். வெட்டாம அந்த இடிக்கிற ஷூவப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்னு அடம் புடிச்சா, பெருவெரல் நகம் கன்னிப்போயி கறுத்துடும். கறுத்தது கழண்டு வுழும். பயப்படாத, திரும்ப மொளைக்கும். முழுசா வளர ஒரு வருசம், ஒன்றரை வருசம் ஆவும். அடுத்த சித்திரைக்கு நீ முக்கா நகத்தோட வந்து நிப்ப. அப்ப எத்தனை ஆயிரத்துக்குச் சாமான் வாங்கியிருக்கன்னு கடைத்தெருவுல கேட்டுக்கிறேன்.